நரையும் ஒரு வரவுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் மருத்துவமனையையோ முதியோர் இல்லத்தையோ சுற்றியே அமைகின்றன. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயதாவதில் இழப்பு மட்டுமே உண்டு என்று நம்பி, வயதை மறைப்பதிலேயே பல ஆண்டுகளைக் கழித்து, வயது தரும் நன்மைகளையும் கோட்டைவிட்டவன் நான். அந்த அனுபவத்தைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஜய ஆண்டில் பிறந்தவன். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 2014-இல் ஜய ஆண்டு திரும்பி வந்தபோது, அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றேன்; திருக்கடையூரில் எனக்குச் சஷ்டியப்தபூர்த்தியும் நடந்தது. அறுபது நிறைந்தவர்கள், எழுபதில் பீமரத சாந்தி செய்துகொள்பவர்கள், எண்பதில் சதாபிஷேகம் காண்பவர்கள் எல்லோரையும் மாலையும் கழுத்துமாக அந்தக் கோயிலில் ஒரே காலைப்பொழுதில் பார்க்கலாம். வயது நிறைந்ததை ஊரறியக் கொண்டாடும் அப்படிப்பட்ட இடத்துக்கு, புகைப்படத்தில் கிழவனாகத் தெரியக்கூடாது என்பதற்காக, முதல் நாள் இரவு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனேன். அவசரத்தில் சரியாக அலசவில்லை. கலச நீரை ஊற்றியதும் காதோரமாகக் கறுப்பு வழிந்து, தோளில் கிடந்த புதுத் துண்டில் இறங்கியது. பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்குள் என் மனைவி முந்தானையால் துடைத்துவிட்டார். அந்தத் துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. கறை போகவில்லை.

சாயத்தால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. காது கேட்காததை மறைத்ததுதான் கேடாக முடிந்தது. வயதினால் செவித்திறன் குறையும்போது, முதலில் உச்ச ஒலிகள்தான் நழுவும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆண்களின் கனத்த குரல் ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும். பெண்களும் குழந்தைகளும் பேசுவது தெளிவில்லாமல் போகும். நானோ வீட்டில் எல்லோரும் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார்கள் என்று நான்கு ஆண்டுகள் கோபித்துக்கொண்டிருந்தேன். காதில் கருவி மாட்டினால் கிழவன் என்று முத்திரை விழுந்துவிடும் என்ற கூச்சம்தான் காரணம். கடைசியில் மகளின் வற்புறுத்தலால் கருவி பொருத்திக்கொண்டு வீடு திரும்பிய அன்று, திண்ணையில் உட்கார்ந்தபடியே அடுப்படியில் கடுகு வெடிக்கும் ஓசையைக் கேட்டேன். எத்தனை ஆண்டுகளாக அந்த ஓசை என் காதில் விழவில்லை என்று எண்ணியபோது கண் கலங்கிவிட்டது. பேத்தி 'ச' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'த' போட்டுப் பேசுகிறாள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செவிக்குறைவைக் கவனிக்காமல் விடுவது மறதிநோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2017-இலேயே எடுத்துரைத்திருக்கிறது. கூச்சத்துக்காக மூளையைப் பணயம் வைப்பவர்கள் நம் தெருவிலேயே எத்தனையோ பேர். கைத்தடி ஊன்ற மறுத்த என் நண்பர் ஒருவர் மழை நாளில் வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார்.

வயதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் வரவுகள் என் கண்ணில் பட்டன. பணியில் இருந்த காலத்தில் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன்; யார் என்ன சொன்னாலும் அடுத்தவரைக் கூப்பிடும் அவசரம் எனக்கு. இப்போது காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணைக்கு நான்கைந்து பேராவது வருகிறார்கள். படிவம் நிரப்ப வேண்டும், வாரிசு நியமனம் மாற்ற வேண்டும், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்றுதான் வருவார்கள். கணவரை இழந்த ஓர் அம்மா, வங்கிப் புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் முக்கால் மணி நேரம் தம் மருமகளைப் பற்றிப் பேசினார். பிறகு, "உங்க கிட்ட சொன்னா வெளியில போகாதுய்யா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். நாற்பது வயதில் அந்த நம்பிக்கையை என்னிடம் யாரும் வைத்ததில்லை. வைத்திருந்தாலும் உட்கார்ந்து கேட்கும் பொறுமை எனக்கு இருந்திருக்காது. வயது ஏற ஏற மனிதர்கள் வெற்றிக்காக ஓடுவதைக் குறைத்துக்கொண்டு, மனத்துக்கு நெருக்கமான உறவுகளையும் காரியங்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலமாக எழுதி வருகிறார். என் திண்ணையில் நாள்தோறும் நான் காண்பதும் அதுதான்.

சட்டப்படி கிடைக்கும் சலுகைகளையும் வயதைச் சொல்லக் கூசுபவர்கள் இழக்கிறார்கள். அறுபது நிறைந்தவர்கள் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். ரயிலில் அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை உண்டு. ஆனால் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடுமாக இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திய ரயில்வே, பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் அதைத் திரும்பக் கொடுக்கவில்லை. பேரனைப் பார்க்கப் போகும் பயணத்தைக்கூட யோசித்து யோசித்துத் தள்ளிப்போடும் முதியவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் இதை விடாமல் வலியுறுத்த வேண்டும்.

ஓய்வூதியம் இருப்பதால்தான் நான் இவ்வளவு நிம்மதியாக எழுத முடிகிறது என்பதையும் மறக்கவில்லை. மாதம் 1,200 ரூபாய் அரசு உதவித்தொகையை மட்டும் நம்பி வாழும் ஒரு மூதாட்டியிடம் போய் முதுமையின் நன்மைகளைப் பேசுவது நியாயமாகாது. அந்தத் தொகை உயர்ந்தால்தான் அவருக்கும் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசும் காலம் வாய்க்கும்.

ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற என் அத்தானுக்கு வரும் மாசியில் எண்பது நிறைகிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு எண்பது வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். எண்பத்தைந்தில் அது 30 ஆகும். நூறு வயதில் முழுத் தொகையே கூடுதலாகக் கிடைக்கும். அந்த மாதத்தை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் தம் வயதைச் சொல்லி மகிழ்கிறார். அதையடுத்துத் திருக்கடையூரில் அவருக்குச் சதாபிஷேகம் நடக்க இருக்கிறது. நரைத்த தலையோடு, காதில் கருவியோடு நானும் போகிறேன். பீரோவில் இருக்கும் அந்தக் கறைபட்ட துண்டையே தோளில் போட்டுக்கொள்ளப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் (வயது 71),
மயிலாடுதுறை