பெயர் சொல்ல விரும்பாத அக்காவுக்கு நன்றி

எனக்கு இருமுனைக் கோளாறு, மனநிலை அளவுக்கு மீறி உயர்வதும் தாழ்வதுமாக மாறும் நோய். திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே, பிள்ளைகள் உறங்கிய பிறகு சூமில் உங்களோடு பேசக் கிடைத்தது பெரிய உதவி அக்கா. தூக்கம் கெட்டால் இந்த நோய் தலைதூக்கும் என்று டொக்டரும் சொன்னவர்தான். ஆனால் இரவில் அழும் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று என்னோடு இருந்து திட்டம் போட்டது நீங்கள். என் கணவரையும் கூப்பிட்டுப் பேசினீர்களே, அதற்குத் தனியாக நன்றி. "அம்மாவுக்கு வருத்தம், அது உன்னால் வந்ததில்லை" என்று மூத்தவளிடம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அப்புறம் அவள் பயமில்லாமல் கேள்வி கேட்கிறாள்.

திருகோணமலையில் மருந்தோடு பிள்ளை வளர்ப்பவர்களே, தாங்க முடியாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். அந்த இலக்கத்தைத் தந்ததும் அக்காதான்.