பாயிண்ட் பார்த்தார்கள் சரி, துளை போட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூமிக்கடியில் இருக்கும் கனிமத்தை மேலே பறந்துகொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்கிற தோரணையில் உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் திருச்செங்கோட்டுக்காரன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு 20 வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்தவன். மீட்டர் வைத்து, தண்ணீர் இருக்கும் என்று பாயிண்ட் பார்த்துக் கொடுத்த இடத்தில் 800 அடி இறங்கியும் வெறும் புழுதி மட்டும் பறக்க, ஓரமாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்த விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன்.

கனிமத்துக்கும் இதே கதைதான், ஒரு உதாரணம் சொல்கிறேன். கனடாவில் டிம்மின்ஸ் என்ற ஊருக்கு வடக்கே கிட் கிரீக் என்று ஒரு சுரங்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் பழைய பனியாறுகளும் அவை உருகித் தேங்கிய ஏரியும் விட்டுப்போன களிமண், கல், மணல் எல்லாம் பாறையைப் போர்த்திக் கிடக்கும், அதற்கு மேல் சதுப்புக் காடு. பாறை அநேகமாகக் கண்ணில் படாது. அதனால் மேலே பறந்தபடி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைக் கீழே செலுத்துகிறார்கள். மின்சாரம் கடத்தும் பொருள் எது இருந்தாலும் அதில் மின்னோட்டம் உண்டாகி ஒரு சின்னக் காந்தப்புலம் திரும்பி வரும், அதைக் கருவி பிடிக்கும். அவ்வளவுதான். செம்புத் தாதும் கடத்தும், கிராஃபைட்டும் கடத்தும், ஈரக் களிமண்ணும் ஓரளவு கடத்தும், எது என்று கருவி சொல்லாது.

டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்க நிறுவனம் 1959இல் பறந்து பார்த்ததில் இந்த இடமும் சிக்கியது. ஆனால் நில உரிமை வேறொருவர் கையில். அதை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டு, தரையிலும் ஒரு முறை அளந்து, முதல் துளை போட்டது 1963 நவம்பரில். 655 அடி ஆழம் வரை துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த பாறைத் தண்டில் செம்பும் துத்தநாகமும் மின்னின. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அக்கம்பக்கத்து நிலத்தை வாங்கும்வரை விஷயம் வெளியே கசியக் கூடாதென்று துளை போட்ட இடத்தை மறைத்துவிட்டு, ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் வேண்டுமென்றே இன்னொரு துளை போட்டார்கள். நம் ஊரில் இந்த அளவுக்கு யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை!

1964 ஏப்ரல் 12 அன்று, பெரிய அளவில் தாது கிடைத்ததாக வரும் வதந்திகள் மிகையானவை என்று அறிக்கை விட்டார்கள், மறுநாள் பத்திரிகைகளும் போட்டன. 16ஆம் தேதி, இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல் தாது இருக்கிறது என்று அவர்களே அறிவித்தார்கள். இடையில் உள்விஷயம் தெரிந்து பங்கு வாங்கியவர்கள் மீது அமெரிக்காவில் வழக்கு நடந்து, 1968இல் வந்த தீர்ப்பை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அடுத்த முறை ‘கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வைக்கும்போது எத்தனை துளை, எவ்வளவு ஆழம், என்ன வந்தது என்று ஒரு வரியாவது சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்செங்கோடு