முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சரி, நீ அனுப்பிய பழைய போட்டோக்களுக்கு வருகிறேன். யாரென்று தெரியவில்லை, எந்த வருஷமென்றும் தெரியவில்லை, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நிறையச் செய்யலாம், முகங்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தால். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறானே, அந்தப் படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு டிராக்டர் சக்கரம் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், டயரின் கட்டைகளுக்கு நடுவே ஒட்டிய சேறுகூடத் தெரிகிறது. டிராக்டர்கள் முதலில் இரும்புச் சக்கரத்தோடுதான் ஓடின. காற்றடைத்த டயரோடு விற்பனைக்கு வந்ததே 1932-ல்தான். அடுத்த படத்தில் இன்னும் வசதி, முன்மூடியில் 'மாஸி பெர்குசன்' என்று படிக்கவே முடிகிறது. 1953-ல் மாஸி-ஹாரிஸ், பெர்குசன் என்ற இரண்டு டிராக்டர் கம்பெனிகள் சேர்ந்தபோது பெயரை மாஸி-ஹாரிஸ்-பெர்குசன் என்று நீளமாக வைத்திருந்தார்கள், 1958-ல்தான் அது சுருங்கியது. ஆக, அந்தப் படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை.

உன் அண்ணன் மர ஏரைப் பார்த்துவிட்டு நூறு வருஷத்துப் படம் என்கிறாராமே, அவரிடம் சண்டைக்குப் போகாதே, ஆனால் ஏர் வருஷம் சொல்லாது. டிராக்டர் வந்த பிறகும் எத்தனையோ வீடுகளில் மாடும் ஏரும் இருந்தன. படத்தில் இருப்பதிலேயே புதுசு எது என்று தேடு: மின்கம்பம், பிளாஸ்டிக் வாளி, யார் கையிலாவது கடிகாரம். வெள்ளை ஓரத்தில் மாதமும் வருஷமும் அச்சாகியிருந்தால் அதையும் அப்படியே நம்பிவிடாதே, அது பிரிண்ட் போட்ட தேதி. பிலிம் மாதக்கணக்கில் கேமராவிலேயே கிடந்திருக்கலாம், பல வருஷம் கழித்து மறுபிரிண்ட்கூடப் போட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த அறுவடைப் படம். எல்லோரும் இடது கையில் அரிவாள் பிடித்திருக்கிறார்களே, கவனித்தாயா? குடும்பமே இடதுகைக்காரர்களாக இருக்க முடியாது, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் காட்டிப் பார், வீடும் கிணறும் உங்களுக்குத் தெரிந்த பக்கத்துக்கு வந்துவிடும்.

பெரிய அத்தையிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டு, தள்ளிப்போடாதே. இது யார் என்று கேட்டால் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுவார்கள். இந்த மாடு யாருடையது என்று கேள், மாட்டின் பெயரில் ஆரம்பித்து ஓட்டினவர், விற்றவர், வாங்கினவர் வரைக்கும் வரும். சொல்வதைப் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வை, பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். ஆல்பத்தில் ஒட்டியிருப்பவற்றைப் பிய்க்காதே, அப்படியே வைத்து ஸ்கேன் பண்ணு. தனியாக இருப்பவற்றுக்குப் பின்பக்கத்தையும் சேர்த்து 600 டிபிஐ-யில் (ஸ்கேனரில் வைக்கும் நுணுக்க அளவு) அனுப்பு, அந்த டிராக்டரை இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்க்கிறேன்.

மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்