நீலத் தொட்டி

ஹப்புத்தளை
2025 மார்ச் 9, ஞாயிறு

டேய் மாரிமுத்து,

திட்டாத. பொங்கலுக்கு வந்த உன் கடிதம் இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னாலதான் செருகி இருக்கு. இங்க எல்லாரும் சுகம். சரோஜாவுக்கு அதே முழங்கால், சின்னவன் அதே கட்டார், பேத்தி மூணாம் வகுப்பு. சுப்பையா வாத்தியார் வெயில்லயும் குடையோடதான் நடக்கிறார். சுகசெய்தி முடிஞ்சுது. இனி விஷயத்துக்கு வாறேன்.

நம்ம தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுல இருக்கிற நீச்சல் குளம், அந்த நீலத் தொட்டி ஞாபகம் இருக்கா? கேக்கிறேன் பாரு. கணக்கப்பிள்ளை ஆட்டை நீ மறந்தாலும் உன் முதுகு மறக்காது. அந்தத் தொட்டியத்தான் ஒரு மாசமா நான் கழுவிக்கிட்டு இருக்கேன். சிரி. 1982-ல நீ கோச்சி (ரயில்) ஏறி, கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வேலி ஓட்டையில ஒத்தக் கண்ணால பார்த்த தொட்டி. இப்ப கேட்டுச் சாவி என் இடுப்புல.

பங்களாவ ஒரு கொழும்பு முதலாளி லீசுக்கு எடுத்து விடுதியாக்கினது உனக்குச் சொல்லியிருக்கேன். 2020-ல கொரோனாவுக்குப் பூட்டினது. தொறக்கலாம்னு நெனச்சப்ப 2022 வந்துச்சு, பெட்ரோலுக்கே நாள்கணக்குல வரிசை, வெள்ளைக்காரன் எங்க வருவான்? இப்ப எல்ல ஊர்ப் பக்கம் நிக்க இடமில்லாத கூட்டம். சித்திரைக்கு முன்னால பூல் நீலமா இருக்கணும்னு போன்ல உத்தரவு. அதுக்கு மேல, டெங்குக்குப் பார்க்க வந்த பீஎச்ஐ, அதான் சுகாதாரப் பரிசோதகர், எட்டிப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு கிழமையில வருவேன், புழு இருந்தா வழக்குன்னுட்டார்.

அஞ்சு வருஷம் யாரும் தொடாத தண்ணி, மாரி. பச்சைன்னு சொன்னா பச்சைக்கே அவமானம். பருப்பு போடாத கீரைக் கடைசல் மாதிரி. சுவத்துல கை வச்சா நனைஞ்ச எருமைத் தோல். ஒரு முழத்துக்குக் கீழ கம்பை விட்டா நுனி தெரியாது. மேல சவுக்கு இலை, கீழ மக்கின சவுக்கு இலை, நடுவுல தவளைக் குஞ்சு. லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற பிள்ளைகள் எப்பவோ கொண்டாந்து விட்ட கப்பி மீன் வேற. அதுகளை வாளியில அள்ளி, தண்ணி பிடிக்கிற பீலிக்குப் பக்கத்துத் தொட்டியில விடுற வரைக்கும் பேத்தி என்னை வேலை செய்ய விடல. 140 வரைக்கும் எண்ணினாளாம். பிறகு சாப்பாட்டுக்குப் போயிட்டா.

கேட்டவன் எல்லாம் சொன்னது ஒண்ணுதான்: தொறந்து விட்டுட்டு புதுத் தண்ணி அடி. புதுத் தண்ணி எங்க இருக்கு? தொட்டி 33 அடி நீளம், 16 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம். கிட்டத்தட்ட 67,000 லீற்றர். 15 லீற்றர் குடத்துக்கு 4,400 குடத்துக்கு மேல. தொட்டிக்கு வாற பைப்பும் நம்ம பீலிக்கு வாற பைப்பும் ஒரே ஊத்துலதான் பிரியுது, அது உனக்கே தெரியும். மாசி மாசம் பீலி நூல் மாதிரி ஒழுகுது. அஞ்சு மணிக்கே குடம் வரிசையில நிக்குது. அந்தத் தண்ணிய எடுத்து இதுல ஊத்த என் கை வராது. அதனால இருக்கிற தண்ணியையே தெளிய வைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்.

முதல் நாள் பண்டாரவளையில ஒரு கிலோ குளோரின் பவுடர் வாங்கிட்டு வந்து கொட்டினேன். காலையில அதே கீரைக் கடைசல். கடைப் பையன்கிட்ட போய்க் கத்தினேன். அவன் சிரிச்சுக்கிட்டே, குப்பையை எடுத்தியா ஐயாங்கிறான். இலையும் சேறும் கிடந்தா பவுடரை அதுதான் தின்னும், பாசிக்குப் போய்ச் சேராதாம். பிறகு கிழிஞ்ச கொழுந்துச் சாக்கை மூங்கில்ல கட்டி வலையாக்கினேன். நாலு நாள் வாரினேன். பதினெட்டு மூட்டை. நாத்தம் தேயிலை ஸ்டோர் வரைக்கும் போச்சு.

அடுத்தது தண்ணியோட புளிப்பு (pH) பார்க்கிற பெட்டி. சின்னக் குழாயில தண்ணி எடுத்து ரெண்டு சொட்டு விட்டா நிறம் வரும். நம்ம தண்ணி கத்தரிப்பூ நிறம், pH 8.2. அந்த அளவுல குளோரின் பாதிக்கு மேல சோம்பேறியாக் கிடக்குமாம், 7.4 பக்கம் இறக்கினாத்தான் கடிக்குமாம். அமிலம் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இறக்கினேன், பவுடரை மறுநாள் பொழுது சாயத்தான் போட்டேன். பகல்ல போட்டா வெயில் தின்னுரும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா விஷப் புகை, வாளியில முதல்ல தண்ணி, பிறகுதான் பவுடர், மாத்தி ஊத்தக் கூடாது. இவ்வளவும் தெரிஞ்சவன் புதுச் சாரத்தைக் கட்டிக்கிட்டுப் போனேன். இப்ப அதுல இலங்கைப் படம் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. சரோஜா யாழ்ப்பாணத்தை மட்டும் காணோம்கிறா.

மூணாவது ராத்திரி பச்சை செத்துச்சு. காலையில தண்ணி சாம்பல் நிறம், சோறு வடிச்ச கஞ்சி மாதிரி. பம்பு துருப்பிடிச்சு இறுகிப் போனதால வடிகட்டவும் வழியில்ல. அப்பத்தான் நம்ம ஆயா கலங்கின தண்ணிக் குடத்துல படிகாரம் சுத்துவாளே, அது ஞாபகம் வந்துச்சு. கடைப் பையனும் அதேதான் சொன்னான். கரைச்சு ஊத்தி, ஒரு ராத்திரி யாரும் கால் வைக்காம விட்டேன். விடிய அஞ்சரைக்கு டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன்டா, அடியில நீலம். ஆழப் பக்கத்து மூலையில ஓடு பேர்ந்து கிடக்கிறது கூடத் தெரியுது. படியில உக்காந்துட்டேன். உனக்குப் போன் போடணும்னு இருந்துச்சு, அங்கயும் அதே அஞ்சரைதான், உன் பொஞ்சாதி வைவாள்னு விட்டுட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா இது பெருமைக் கடிதம்.

அடியில படிஞ்ச சேத்தை ஹோஸ் போட்டு உறிஞ்சி எடுக்கணும். குளோரின் வேகம் அடங்காம வடிகான்ல விட்டா ஓடையில இருக்கிற உசிரெல்லாம் சாகும்னு நாலு நாள் காத்திருந்தேன். அந்த நாலு நாள்லதான் கவனிச்சேன், தண்ணி தானாவே இறங்குது. வெயில்னு நெனச்சேன். மனசு கேக்கல. ஒரு வாளியில அதே தண்ணிய நிரப்பி, படியில கல்லு வச்சு நிறுத்தி, வாளிக்கு உள்ள ஒரு கோடு, தொட்டிச் சுவத்துல ஒரு கோடு. மறுநாள் வாளியில அரை சென்டிமீற்றர் குறைஞ்சிருக்கு. தொட்டியில ரெண்டரை. மறுபடி வச்சுப் பார்த்தேன், அதேதான். ரெண்டு சென்டிமீற்றர் வித்தியாசம்னா அந்த அகலத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் லீற்றர்.

எங்க போகுது?

தொட்டிக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ பொறந்த வீடு, அந்தக் காம்பரா. ஆறாம் நம்பர் லயம். இப்ப பதினாலு குடும்பம். உன் காம்பராவுல செல்வியோட மகள் இருக்கா, ரெண்டு பிள்ளை. போய்ப் பார்த்தேன். பின்சுவத்துக்கும் மண் மேட்டுக்கும் நடுவுல, இந்தக் காய்ஞ்ச மாசியில, ஒரு முழ நீளத்துக்குச் சதசதன்னு ஈரம். வல்லாரை தழைச்சுக் கிடக்கு. அவ என்ன சொல்றா தெரியுமா, "நல்லதாப் போச்சு மாமா, சம்பலுக்குப் பறிச்சுக்குவேன்." கதவு இப்ப கொஞ்ச நாளா இறுக்குதுன்னும் அதே மூச்சுல சொல்றா.

எனக்குக் கால்ல பலமில்ல மாரி.

மலை சரிஞ்ச மீரியபெத்தைத் தோட்டத்துக்கு நான் போனது உனக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிஞ்சு ஒரு கிழமை. மறுநாள் போய் நின்னேன். லயம் இருந்த இடத்துல செம்மண்ணு. ஓட்டுத் துண்டு கூட இல்ல. ஒரு ஆள் மண்ணுக்கு மேல நடந்து நடந்து, இது எங்க வாசல், இது எங்க வாசல்னு ஒவ்வொரு இடத்தையா காட்டிக்கிட்டு இருந்தார். அங்க உள்ளவங்களுக்கு முன்னமே எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. போங்கன்னா எங்க போறது? 2009 நவம்பர்ல உங்க நீலகிரியில மலை சரிஞ்சப்ப நீ எழுதினதை நான் இன்னும் வச்சிருக்கேன். முதல்ல புது ஊத்து வந்துச்சு, பிறகு கதவு பூட்ட மாட்டேன்னுச்சு, பிறகு மரம் சாய்ஞ்சுச்சுன்னு எழுதியிருந்த. அந்தத் தாளை எடுத்து வச்சு வரிசையாப் படிச்சேன். ரெண்டு நம்மகிட்ட இருக்கு.

முதலாளியோட மனேஜருக்குப் போன் போட்டேன். அந்தப் பையன், ராத்திரியில பைப்பைத் தொறந்து விட்டு நிரப்பிக்கிட்டே இருங்கங்கிறான். குறையுற தண்ணிய ஊத்திச் சரிக்கட்டுறானாம், மலைக்கு!

அன்னைக்கு நான் ஒரு பொய் சொன்னேன். பம்பு சரியாகல, பாகம் கொழும்புல இருந்து வரணும்னு சொல்லிட்டு, ஹோஸை மேல் கான்ல போட்டு ஓடைப் பக்கம் இழுத்து, ராவும் பகலும் இறக்கினேன். அதுக்குள்ள குளோரின் வாசமே போயிருச்சு. தண்ணி உள்ள வாற பைப்பு வாய்க்குக் கீழ போனதும் தொட்டி நின்னுருச்சு. வாளியும் தொட்டியும் ஒரே அளவு. ஓட்டை அந்தப் பைப்புலதான். ஆறாம் நாள் லயத்துப் பின்னால போய்ப் பார்த்தேன், ஈரம் காயுது. வல்லாரை வாடுதுன்னு செல்வி மகள் குறைப்படுறா.

முழுசா இறக்கல. வெறும் தொட்டிய மண்ணு ஈரத்துல வச்சா கீழ இருந்து தண்ணி முட்டி, தொட்டியே மேல எழும்பி வெடிக்கும்னு நீதானே எப்பவோ சொன்ன. சித்திரை மழை பின்நேர இடியோட வந்துரும். அதுக்குள்ள ஒண்ணு பைப்பை மாத்தணும், இல்ல தொட்டியை மூடுறதுக்கு ஒரு வழி பார்க்கணும். எதுவா இருந்தாலும் பதுளையில இருக்கிற, மண்சரிவு பார்க்கிற கட்டட ஆராய்ச்சிக்காரங்க வந்து மேட்டைப் பார்க்கணும். கிராம சேவகர்கிட்ட கடிதம் கொடுத்துட்டேன். சரோஜாவுக்கு இன்னும் சொல்லல. சொன்னா, உங்களுக்கு ஏன் வம்பு, சாவியக் கொடுத்துட்டு வாங்கம்பா. சாவியக் கொடுத்தா அடுத்தவன் பைப்பைத் தொறப்பான்.

கேவலம் என்னன்னா, அந்த நீலத்தைப் பார்த்து நான் அழுதேன்டா அன்னைக்கு. இன்னும் ஒரு தரம் நிறைஞ்சு பார்க்கணும்னு ஆசையும் இருக்கு.

முதலாளி சனிக்கிழமை வாறார். வாளிக் கோடு, சுவத்துக் கோடு, தேதி எல்லாம் பேத்தியோட கொப்பியில எழுதி வச்சிருக்கேன். தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம், அந்த டேன்டீயில முப்பது வருஷம் கட்டட மேஸ்திரியா இருந்தவன் நீ. சுவத்துக்குள்ள புதைஞ்ச பழைய இரும்புப் பைப்பு, ஒண்ணரை அங்குலம். வாயை அடைச்சு விட்டா நிக்குமா, இல்ல சுவத்தை உடைச்சு மாத்தினாத்தான் ஆகுமா? முதலாளி கேப்பார், எனக்குத் தடுமாறாம சொல்லணும்.

தபால் வந்து சேர மூணு கிழமை. அதனால பேத்தி இந்தத் தாள்களை போட்டோ புடிச்சு இன்னைக்கே வட்ஸ்அப்புல அனுப்புவா. நீயும் எழுதிப் போட்டோ அனுப்பு. குரல்ல அனுப்பாத, நீ பாதிக்கு மேல இருமுற. யாராவது இந்தப் பக்கம் வந்தா வர்க்கி கொடுத்து விடு, போன தடவை வந்தது தூளாத்தான் வந்துச்சு.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால.

உன்,
செல்லையா