பிரிப்பரேட்டரி பள்ளி என்பது மழலையர் பள்ளி அல்ல

ஐயா,

இங்கிலாந்துக் கல்வி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘பிரிப்பரேட்டரி ஸ்கூல்’ பெரும்பாலும் மழலையர் பள்ளி ஆகிவிடுகிறது. நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்தும் இடங்களுக்கு அந்தப் பெயர் வைப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே அது சுமார் 8 வயது முதல் 13 வரையிலான பிள்ளைகளின் பள்ளி. 13 வயதில் ‘பப்ளிக் ஸ்கூல்’ எனப்படும் கட்டணப் பள்ளியில் சேர அவர்களை ஆயத்தப்படுத்துவதே அதன் வேலை.

இதற்கெனத் தனிப் பள்ளி ஏன் வந்தது? 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவனும் 18 வயது இளைஞனும் பப்ளிக் ஸ்கூலின் ஒரே விடுதியில் இருந்தார்கள். ‘ஃபேகிங்’ வழக்கப்படி பெரியவனுக்குச் சின்னவன் ரொட்டி வாட்ட வேண்டும், காலணி துடைக்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். தாமதமானால் அடி. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் அர்னால்டே சிறு பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருப்பதை விரும்பவில்லை.

இந்தச் சூழலில் 1837இல் வைட் தீவின் நியூபோர்ட்டில் பிறந்ததுதான் விண்டில்ஷம் ஹவுஸ் பள்ளி. விரைவிலேயே பிரைட்டன் கடற்கரைக்கு மாறியது. 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் பெற்றோருக்கு வழி எளிதானது. இன்னொரு ஆயத்தப் பள்ளியான ட்வைஃபோர்ட் 1809இலேயே தொடங்கியது உண்மைதான். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்ற நோக்கத்தோடு பிறந்த முன்னோடி விண்டில்ஷம் என்பதே என் கருத்து.

நிறுவியவர் சார்லஸ் ராபர்ட் மால்டன், கடற்படை லெப்டினன்ட். லண்டனில் தட்டம்மையால் இறந்த ஹவாய் அரசர், அரசி இருவரின் உடல்களையும் நாடு கொண்டு சேர்த்த ‘பிளாண்ட்’ கப்பலின் சர்வேயர் அவர். திரும்பும் வழியில், 1825 ஜூலையில் கண்ட பசிபிக் தீவு இன்றும் மால்டன் தீவுதான்.

1855இல் தந்தை மறைந்ததும் மகன் ஹென்றி சார்லஸ் பொறுப்பேற்றார். கால்பந்து வரலாறு எழுதுவோருக்கு இவரைத் தெரியும். 1848இல் கேம்பிரிட்ஜில் பல பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள் ஒன்றுசேர்ந்து கால்பந்துக்குப் பொது விதி வகுத்ததை 1897இல் கடிதமாக எழுதிவைத்தவர் இவர். ஒவ்வொருவரும் தம் பள்ளி விதிகளைக் கொண்டுவந்தார்கள். மாலை 4 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவர்கள் நள்ளிரவுக்கு 5 நிமிடம் இருக்கும்போதுதான் எழுந்தார்கள்.

ஆயத்தப் பள்ளிகளையும் இதே சிக்கல்தான் வாட்டியது. ஒவ்வொரு பப்ளிக் ஸ்கூலும் தனித்தனி நுழைவுத் தேர்வு வைத்தது. ஒரே வகுப்பில் நான்கு பையன்கள் நான்கு பள்ளிக்குப் போவதென்றால் ஆசிரியர் நான்கு விதமாக லத்தீன் சொல்லித்தர வேண்டும். 1892இல் ஆயத்தப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சங்கம் அமைத்தபோது முதலில் பேசியது, சிறுவர் கிரிக்கெட்டுக்கு எவ்வளவு பெரிய பந்து, ஆடுகளம் எத்தனை நீளம் என்பதைத்தான். பொது நுழைவுத் தேர்வு 1904இல் வந்தது.

ஆகவே ‘ஆயத்தப் பள்ளி’ என்று எழுதி, அருகில் வயதையும் குறிப்பிடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் ‘பிரெப் ஸ்கூல்’ என்றால் கல்லூரிக்கு முந்தைய உயர்நிலைப் பள்ளி. அங்கே இந்தச் சொல் பொருந்தினாலும் வயது மாறும்.

இங்ஙனம்,
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு),
திருச்சி.