காதில் கேட்டு நடக்கிற மலைநகரங்கள்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்பின் செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளும் பேரப்பிள்ளைகளும் ஆகஸ்டில் கனடாவிலிருந்து வருவது சந்தோஷம். இங்கே ஹட்டனில் மழை விட்டபாடில்லை. உன் பதுளைப் பக்கம் அந்த மாதங்களில்தான் காய்ந்து கிடக்கும், ஊவாத் தேயிலைக் கொழுந்துக்கு நல்ல விலையும் வரும். வேனும் வழிகாட்டியும் பிடிக்காமல், போனில் ஒலிபரப்பு மாதிரிக் கேட்டுக்கொண்டே கண்டி, நுவரெலியா, பதுளை என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். ஆனால் கொழும்புக் கோட்டைக்கும் காலிக் கோட்டைக்கும் சரிவருகிற முறை மலைக்குச் சரிவராது. இங்கே பனி இறங்கும், பாதை வளைந்து வளைந்து தன் தலைக்கு மேலேயே ஏறும், கோச்சி, அதாவது ரயில், சுரங்கத்துக்குள் போகும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எழுதின ஒலிவழிகாட்டி பாதியில் காலை வாரிவிடும்.

முதலில் செயலி. ஐசி.டிராவல், வாய்ஸ்மேப் இரண்டும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். ஒவ்வொரு இடத்தையும் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் இருக்கும். நீ அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் அந்த இடத்துக்குரிய பேச்சு தானாகத் தொடங்கும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே முழுவதையும் இறக்கி வைத்துவிட்டால் வழியில் டேட்டா தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு சிம் கூட வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் போனைத் திறந்தால் மட்டும் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும். அதனால் புறப்படுவதற்கு முன் வெட்டவெளியில் நின்று, வரைபடத்தில் நீலப் புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு நட.

பலருக்கும் கோளாறு வருவது இந்த இடத்தில்தான்: திரையை அணைத்துப் போனைப் பைக்குள் போட்டதும் பேச்சு நின்றுபோகும். செயலியில் பிழை இல்லை. பற்றரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. செட்டிங்ஸுக்குள் போய் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடு. இருப்பிட அனுமதியை எப்போதும் என்றும் துல்லியமாக என்றும் மாற்று. ஜிபிஎஸ் ஓடினால் பற்றரி சீக்கிரம் இறங்கும். பத்தாயிரம் மில்லியாம்பியர் பவர்பேங்க் ஒன்று இரண்டு போனுக்குப் போதும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல். வெளிச்சத்தத்தைத் தடுக்கிற வசதி இருந்தால் அணைத்துவிடு. கண்டி டவுனில் பஸ் வருவது காதில் விழாவிட்டால் வரலாறு கேட்டு என்ன பிரயோசனம்?

கண்டிக்கு வாவியைச் சுற்றின நடைதான் பொருத்தம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், தட்டையான பாதை, உன் முழங்காலுக்கும் பிரச்சினையில்லை. குவீன்ஸ் ஹோட்டல் முனையில் தொடங்கி, தண்ணீர் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நட. முதலில் மேற்குக் கரை, பிறகு தெற்கே மல்வத்தை விகாரை, கிழக்கு முனையால் திரும்பினால் வடக்குக் கரையில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைப் பக்கம் வந்து சேருவாய். இப்படிப் போவதில் ஒரு வசதி: கதை 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மறித்து இந்த வாவியைக் கட்டினதில் தொடங்கி, 1815 மார்ச் 2இல் அரச சபை மண்டபமான மகுல் மடுவையில், இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதில் முடியும். கண்ணுசாமி என்ற நாயக்கர் வம்சத்துப் பையன்தான் இந்த ராஜசிங்கன்; கடைசி மன்னனாகி, பிடிபட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்துபோனான். பேரப்பிள்ளைகள் இந்த இடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், பதிலோடு போ.

மாளிகை வளாகத்தில் நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், விஷ்ணு தேவாலயம், மகுல் மடுவை எல்லாம் கிட்டக் கிட்ட. ஒவ்வொன்றுக்கும் தனி வட்டம் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். திறந்தவெளியில் போன் காட்டுகிற இடம் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாக இருக்கும். மரம், மதில், உயரக் கட்டடம் வந்தால் இருபது முப்பது மீற்றர் கூட விலகும். பத்தினி முன்னால் நிற்கும்போது நாத தேவாலயக் கதை ஓடும். இங்கே ஒரே ஒரு நிறுத்தம் வைத்து, வெளியில் நின்றபடி நான்கையும் சொல்லி முடிப்பதே நல்லது. மாளிகைக்குள் இயர்போனைக் கழற்றிவிடச் சொல், அது மரியாதையும்கூட. அதிகாலை, காலை ஒன்பதரை, மாலை ஆறரையை ஒட்டிப் பூஜைக்கு மேளம் தொடங்கினால் காதில் எதுவும் ஏறாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேண்டும். மாளிகையின் எசல பெரஹரா ஊர்வல நாளாக இருந்தால் கண்டி நடையைக் காலையிலேயே முடித்துவிடு. மத்தியானத்துக்கே சனம் பாய் விரித்து நடைபாதையைப் பிடித்துவிடும்.

இனி வட்டத்தின் விஷயம். மலையில் இது ஒரு தனிக் கலை. செயலி உயரத்தைப் பார்க்காது, மேலிருந்து பார்க்கிற வரைபடத்தை மட்டுமே பார்க்கும். கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் மேல் ரோட்டும் கீழ் ரோட்டும் வரைபடத்தில் முப்பது மீற்றருக்குள் வந்துவிடும். மேலே பார்க்க வேண்டிய இடத்தின் பேச்சு கீழேயே ஓடத் தொடங்கும். இதற்கு இரண்டு வழி. நிறுத்தத்தை வளைவின் மூக்கில் வை, அங்கே இரண்டு ரோட்டும் ஒன்றுதான். முடியாவிட்டால் முந்தின பேச்சு முடியாமல் அடுத்தது தொடங்காதபடி வரிசையைக் கட்டு.

இதற்கு உச்சமான உதாரணம் உன் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தெமோதரை ஸ்டேஷனில் கோச்சி நின்று புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. ஸ்டேஷனுக்கு வட்டம் போட்டு வைத்தால், சுரங்க வாயிலை நெருங்கும்போதோ வெளியே வந்ததுமோ அதே பேச்சு இரண்டாம் முறை கேட்கும். அந்த நிறுத்தத்தை ஒருமுறை மட்டும் ஒலிப்பதாக வை. சுரங்கத்தைப் பற்றின பேச்சை ஸ்டேஷனிலேயே சொல்லி முடித்துவிடு. எல்லயிலிருந்து வரும்போது அதற்கு முன்னாலேயே ஒன்பது வளைவுப் பாலம் வந்துபோகும். 91 மீற்றர்தான் நீளம், சில விநாடி வேலை. அதன் கதையை எல்ல ஸ்டேஷனைத் தாண்டினதுமே தொடங்கு.

கோச்சியில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். மணிக்கு 25 கிலோமீற்றரில் போனால் ஒரு நிமிடத்தில் நானூறு மீற்றருக்கு மேல் கடந்துவிடும். நடைக்கு 25 மீற்றர் வட்டம் போதும், கோச்சிக்கு 150, 200 வேண்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே ஜிபிஎஸ் செத்துவிடும், ஆனால் தொடங்கின பேச்சு நிற்காது. ஆகவே ஒரு நிமிடத்துக்குக் குறையாத பேச்சை வாயிலுக்கு முன்பே தொடங்க வைத்தால் பிள்ளைகள் இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டே வருவார்கள். இந்தப் பாதையின் ஆண்டுகளையும் அங்கேயே சொல்லலாம்: கண்டிக்குக் கோச்சி வந்தது 1867, நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. அந்த 1867இலேயேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பியில் இலைத்துரு நோய் தெரிந்தது. கோப்பியை இறக்கப் போட்ட தண்டவாளம் கடைசியில் தேயிலையைத்தான் சுமந்தது.

கோச்சியில் இடது, வலது என்று சொல்லவே சொல்லாதே. பாதி இருக்கை பின்னோக்கிப் பார்க்கும். மலைப் பக்கம், பள்ளத்துப் பக்கம் என்று சொல். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனை நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் ஆசை வரும். உள்ளே ஜன்னலோரமே போதும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடு.

நுவரெலியாவின் எதிரி பனி. பீதுருதாலகாலை 2,524 மீற்றர், நாட்டிலேயே உயர்ந்த மலை, நிமிர்ந்து பார் என்று எழுதி வைத்தால், நிமிர்ந்து பார்க்கிற பிள்ளைக்கு வெள்ளைச் சீலைதான் தெரியும். எட்ட உள்ளதை நம்பி எழுதாதே, கைக்கெட்டினதை எழுது. செங்கல் தபால் கந்தோர் 1894இல் கட்டினது. அதன் கூரையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் எந்தப் பனியிலும் பார்க்கலாம். அங்கிருந்து விக்டோரியா பூங்கா, கிராண்ட் ஹோட்டல், 1876இல் தொடங்கின ஹில் கிளப், 1889இன் கோல்ஃப் திடல், கடைசியில் கவர்னர் கிரகரி காலத்தில் 1873இல் அமைந்த வாவி. காலையில் ஒன்பதுக்குள் தொடங்கு, ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து டவுன் சில கிலோமீட்டர் தள்ளி, அதை நடையில் சேர்க்காதே, பஸ் பிடி.

ஆங்கிலத்தில் கிடைக்கிற ஒலிவழிகாட்டிகளில் கவர்னரும் துரையும் குதிரைப் பந்தயமும் நிறைய வரும். தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணியும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களமும் வந்தால் அபூர்வம். பிள்ளைகளுக்கு அவர்களுடைய கொள்ளுப்பாட்டன் வந்த வழியைச் சொல்ல வேண்டுமென்றால் நாமே பதிவு செய்வதுதான் வழி. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிறுத்தம் வை: மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி நடந்து வந்த சனம் மலைக்குள் நுழைந்த முகவாசல் மாத்தளை. கம்பளைக்குப் பக்கத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அதற்கு அரை நாள் ஒதுக்கு. ஹேவாஹெட்ட பக்கம் போனால் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி கோவிந்தனைச் சொல்லாமல் வரக்கூடாது. தோட்டத் தமிழரை நாடற்றவராக்கின 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் மேடையில் வை. ஊரை விட்டுப் போனவர்கள் கோச்சி ஏறின இடம் அதுதானே. ஒன்று மட்டும்: ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நிறுத்தம் வைக்காதே. அது அவர்கள் வீடு. தோட்டத்து ரோட்டுச் சந்தியில் நின்று சொன்னால் போதும்.

பதிவு செய்வது பெரிய வித்தையில்லை. ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம், கூடினால் இரண்டு. தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் நிதானமான வேகம், ஆகவே 150 சொல்லில் எழுதி முடி. எழுதினதை வாய்விட்டு வாசித்துப் பார். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டு. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது முதல் வாக்கியத்தில் வர வேண்டும், அடுத்து எந்தப் பக்கம் நடப்பது என்பது கடைசி வாக்கியத்தில். வருஷத்தை எண்ணாக எழுதினாலும் வாசிக்கும்போது தடுமாறாமலிருக்கப் பக்கத்தில் எழுத்திலும் எழுதி வை. உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கம் முகத்தைக் காட்டிப் பேசினால் எதிரொலி அடங்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், சற்றுப் பக்கவாட்டில். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பதிவில் இறங்காதே, பிறகு எந்த மென்பொருளாலும் அந்தச் சத்தத்தைப் பிரிக்க முடியாது. 64 கேபிபிஎஸ் மோனோவில் எம்பி3யாகச் சேமி. நிமிடத்துக்கு அரை எம்பி, ஒரு மணிநேரப் பேச்சு முப்பதுக்குள் அடங்கும்.

ஐசி.டிராவலில் இலவசமாகக் கணக்குத் திறந்து, கணினியில் வரைபடத்தில் புள்ளி வைத்து, ஒலியை ஏற்றலாம். அது தொல்லையாக இருந்தால் செயலியே வேண்டாம். கோப்புகளுக்கு 01, 02 என்று பூச்சியத்தோடு பெயர் வை, இல்லாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும். கையால் வரைந்த வரைபடத்தில் அதே இலக்கங்களைப் போட்டுக் கொடு. பிள்ளைகள் தாங்களே அழுத்திக் கேட்பார்கள். பனியிலும் சுரங்கத்திலும் இந்த முறைதான் ஒருபோதும் தவறாது, எனக்கு இதுதான் பிடித்ததும்.

பதுளையை நீயே எழுது. முதியங்கணை விகாரையும் பழைய எண்கோணச் சந்தையும் இருக்கட்டும், சென் மார்க்ஸ் தேவாலயத்தை விட்டுவிடாதே. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்த யானை வேட்டைக்கார மேஜர் ரோஜர்ஸின் நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அந்தக் கதை போதும். வாரநாளில் தேவாலயக் கதவு திறந்திருக்கிறதா, பூட்டினால் திறப்பு யாரிடம் என்று விசாரித்து எழுது. ஸ்டேஷனிலிருந்து அங்கே உன் நடையில் எத்தனை நிமிடம் என்பதையும் சேர். அது தெரிந்தால்தான் நடுவில் எத்தனை பேச்சு வைக்கலாம் என்று சொல்ல முடியும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு
ஹட்டன்