பறவை எண்ணியாச்சு, மீனை எப்போது எண்ணுவீர்கள்?

பாதுகாக்கப்பட்ட நன்னீர் ஈரநிலங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்கள் அறிக்கையைத் திறந்தாலே பறவைதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பறவைகளில் பாதி எதைத் தின்ன வருகின்றன? உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைத் தேர்ந்தெடுக்க ராம்சர் உடன்படிக்கை வைத்திருக்கும் அளவுகோல்களில், 20,000 நீர்ப்பறவைகள் என்ற 5ஆவதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். 7ஆவதும் 8ஆவதும் முழுக்க மீனுக்கானவை, 1996லேயே வந்துவிட்டன. 8ஆவது மீனுக்கு இரை கிடைக்கும் இடம், முட்டையிடும் இடம், குஞ்சு வளரும் இடம், வலசைப் பாதை என்று பிரித்தே சொல்கிறது.

எப்போதாவது கணக்கெடுத்தாலும், ஒரே கண்ணியளவுள்ள வலையைப் பகலில் ஆழத்தில் போட்டு இழுத்தால் என்ன வரும்? நாலு கெண்டை வரும். சேற்றில் புதைந்து கிடக்கும் ஆரால், இரவில் இரை தேடும் கெளுத்தி, கண்ணிக்குள் நழுவிப்போகும் அயிரை எல்லாம் பட்டியலிலேயே இருக்காது. அப்புறம் "இனங்கள் குறைவு, வெளியிலிருந்து மீன்குஞ்சு கொண்டுவந்து விடலாம்" என்று ஒரு பரிந்துரை எழுதுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம்.

தயவுசெய்து வெளி மீனை விடாதீர்கள். திலேப்பியா தன் குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றிக்கொண்டு பெருகிவிடும். புல்கெண்டை, மற்ற மீன்கள் முட்டை ஒட்டிவைக்கும் நீர்ச்செடியையே மேய்ந்து தீர்க்கும். கொசுவை ஒழிக்கவென்று விடும் கம்பூசியா மீன் கொசுப்புழுவோடு நிற்காது, மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும்.

அடுத்தது தூர்வாருதல். முழங்காலளவுத் தண்ணீரில், புல்லுக்கு நடுவே விரால் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து முட்டை விடும். பொரித்ததும் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும், நீர்ப்பரப்பு அந்த இடத்தில் மட்டும் கொதிப்பதுபோல் தெரியும், அடியில் தாய் தகப்பன் காவல். பொக்லைனை விட்டுக் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டினால் அந்த முழங்காலளவுத் தண்ணீரே கிடையாது. கொள்ளளவு கூடியது என்று கணக்கு மட்டும் அழகாக இருக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால் நடுவில் வெட்டுங்கள், ஓரம் சரிவாகவே இருக்கட்டும்.

முதல் மழையில் புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் வாய்க்காலில் ஏறுகிற சமயத்தில்தான் ஷட்டர் மூடிக் கிடக்கிறது, இல்லையென்றால் வாய்க்கால் முகத்தில் வலை கட்டியிருக்கிறது. அந்தச் சில நாட்களுக்கு ஷட்டரைத் திறந்து வையுங்கள், வலையை அவிழ்த்துவிடுங்கள். அடுத்த அறிக்கையில் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு பட்டியல் போடுங்கள், குஞ்சுகளையும் சேர்த்து.